வெயில் சதம் அடிக்கிறதாம்!

கிரிக்கெட் விளையாட்டை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவன் வெள்ளைக்காரன். அந்த விளையாட்டில் சூரிய பகவானையும் சேர்த்துக்கொண்டு, அவர் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தவர்கள் நம் தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள். பங்குனி பிறந்து பத்து நாள் ஆகவேண்டியதுதான். 'திருச்சியில் வெயில் சதம்', 'பத்து ஊர்களில் சதமடித்த வெயில்', 'ஈரோட்டில் மீண்டும் சதம்' என்று ஆரம்பித்து விடுகிறார்கள். தலைப்புக்குப் பக்கத்தில், துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் போகும் இரண்டு கல்லூரிப் பெண்களின் படம். அது கிடைக்காவிட்டால் தர்ப்பூசணிக் குவியல். அதுவும் கிடைக்காவிட்டால் குளித்துக்கொண்டிருக்கும் ஒரு கோயில் யானை. தொலைக்காட்சிக்காரர்களோ ஒரு படி மேலே போய், கரும்புச்சாற்றுக் கடைக்காரரின் மூக்குக்கு நேரே மைக்கை நீட்டி, "வியாபாரம் எப்படி இருக்கிறது?" என்று விசாரிக்கிறார்கள். ஊர் கொதிக்கிறது, இவர்கள் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சதம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யோசித்ததுண்டா? 1957இல் நயா பைசா வந்தது. பிறகு சேர் போய்க் கிலோ வந்தது, மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. வானிலை ஆய்வு மையம் வெப்பத்தைச் செல்சியஸ் கணக்கில்தான் சொல்கிறது. பள்ளிக்கூடத்துப் பையனும் அதில்தான் படிக்கிறான். ஜுரம் பார்ப்பதைத் தவிர வேறு எதற்கும் நமக்கு இப்போது பாரன்ஹீட் வேண்டியதில்லை. ஆனால் 37.8 டிகிரி செல்சியஸ் என்று போட்டால் தலைப்பு நன்றாயிராது. 38 ரன் எடுத்தவனுக்கு யார் கைதட்டுவார்கள்? எனவே உதவி ஆசிரியர் பழைய வாய்பாட்டைத் தேடி எடுத்து, பெருக்கிக் கூட்டி, நூறு என்ற எண்ணை வரவழைத்து விடுகிறார். விஞ்ஞானத்தில் அந்த நூறுக்கு ஒரு மகிமையும் கிடையாது. சமவெளியில் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, அந்த நாளின் வழக்கமான அளவைவிட நாலரை டிகிரியாவது கூடியிருந்தால்தான் வெப்ப அலை என்று வானிலைத் துறை சொல்கிறது. அந்த 'வழக்கமான அளவு' என்ன என்பது எந்தத் தலைப்பிலும் வருவதில்லை. அதுதானே விஷயம்! சித்திரை மாதத்தில் திருச்சி நூறைத் தாண்டுவது நேற்று வந்த சமாசாரமா? என் பாட்டி காலத்திலும் தாண்டியது. தினம் சதம் அடிக்கிற ஆட்டக்காரனைப் பற்றி என்ன செய்தி இருக்கிறது? அவன் முப்பது வருஷத்துக்கு முன்னால் எப்படி ஆடினான், இப்போது எப்படி ஆடுகிறான், ராத்திரியிலாவது மட்டையைக் கீழே வைக்கிறானா என்பதல்லவா செய்தி?

ராத்திரி என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். பகல் வெயிலை மட்டும் முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, இரவு வெப்பத்தை உள்ளே எங்கோ பொடி எழுத்துப் பட்டியலில் தள்ளிவிடுகிறார்கள். மனிதனை வாட்டுவதில் பகலுக்கு இரவு சளைத்ததல்ல. நாளெல்லாம் வெந்த உடம்பு ஆறுவதற்கு இரவு ஒன்றுதான் இருக்கிறது. நெற்பயிரின் கதையும் அதேதான். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தைந்து வருஷத்துப் பதிவுகளை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் 2004இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். கோடைப் பட்டத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது அவர்கள் கண்டது. மணச்சநல்லூர் அரிசி என்று பெயர் சொல்லி விற்கிற சீமையில், எத்தனை பேருக்கு இது தெரியும்? நெல் அரைக்கிறவருக்குத் தெரியுமா? விளைவிக்கிறவருக்குத் தெரியுமா? சதம் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் இன்னொரு சடங்கு. 'இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம்!' பஞ்சாங்கத்தை நான் பழிக்க மாட்டேன். வருஷப் பிறப்பன்று கோயிலில் பஞ்சாங்கம் படிப்பார்கள்; இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் சமுத்திரத்துக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, பூமிக்கு இத்தனை என்று கேட்பதில் ஒரு சுகம் உண்டு. அது கோயிலில் இருக்கட்டும். 2024ஆம் வருஷம் கொடிய வெப்பம் ஏப்ரல் கடைசியிலேயே வந்து ஜனங்களை வறுத்தெடுத்தது. மே நடுவில், கத்திரியின் உச்சத்தில், கோடை மழை பெய்தது. கத்திரி வெயில் கணக்கை அந்த வருஷம் எந்தப் பத்திரிகை மறுபரிசீலனை செய்தது? அடுத்த வருஷமும் அதே தேதியில் அதே எழுத்தில் அதே செய்திதான்.

திருவெள்ளறைக்கு வருகிறேன். திருச்சியிலிருந்து துறையூர் சாலையில் இருபது கிலோமீட்டர் தூரம். வெள்ளைப் பாறை மேல் புண்டரீகாக்ஷப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். ஸ்ரீரங்கத்துக்கும் மூத்த தலம் என்று அவ்வூர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்துக்காரர்களிடம் அதைப் பற்றி நான் வாதாடுவதில்லை. அந்தக் கோயிலில் பெருமாளைச் சேவிக்க இரண்டு வாசல்கள். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல். ஆடி முதல் மார்கழி வரை தக்ஷிணாயன வாசல். ஒன்று திறந்தால் மற்றொன்றை அடைத்து விடுவார்கள். சூரியனின் போக்கைக் கல்லிலே கதவாக வைத்துப் பழகிய ஊர் அது. பருவம் மாறும், மாறிய பருவம் திரும்பி வரும் என்பதை அவ்வூர்ப் பிள்ளைக்கு யாரும் பாடம் சொல்லித் தரவேண்டியதில்லை.

அந்த ஊர் டீக்கடை ஒன்றில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அடியில் ஓடுகிற எழுத்துப் பட்டையில் 'பருவநிலை மாற்றம்' என்ற வார்த்தை வந்தது. பக்கத்து பெஞ்சில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு விவசாயி. பொட்டல் காட்டிலே சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிறவர். "பெரியவரே, இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அதுக்கு என்ன தம்பி? பனி முடிஞ்சு வெயில் வர்றப்போ சளி, காய்ச்சல் வருது. அதைத்தானே சொல்றான்? ரெண்டு நாள் மிளகு ரசம் வச்சுக் குடிச்சா சரியாப்போயிடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிழை அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. 'பருவநிலை மாற்றத்தால் குழந்தைகளுக்குக் காய்ச்சல் பரவுகிறது, மருத்துவமனைகளில் கூட்டம்' என்று வருஷத்துக்கு நாலு தடவை இதே தொலைக்காட்சிகள் சொல்கின்றன. இதே பத்திரிகைகள் எழுதுகின்றன. பனி போய் வெயில் வருவதும் பருவநிலை மாற்றம். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து எரித்து, பூமியின் வெப்பத்தையே மனிதன் ஏற்றி வைத்திருப்பதும் பருவநிலை மாற்றம்! முன்னது அந்தக் கோயில் வாசல் மாதிரி; மூடும், திறக்கும். பின்னது நம் ஆயுளில் மூடப்போகிற வாசல் அல்ல. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, 'பாமர ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று தலையங்கத்தில் கண்ணீர் விடுகிறார்கள். பாமரன் கேட்டது நீங்கள் சொன்னதைத்தான் ஐயா!

இதிலே பெயர்களுக்கும் பஞ்சமில்லை. ஒரு பத்திரிகைக்குப் பருவநிலை மாற்றம். இன்னொன்றுக்குக் காலநிலை மாற்றம். மூன்றாவதுக்குத் தட்பவெப்ப மாற்றம். வானொலிக்குப் புவி வெப்பமடைதல். பாடப் புத்தகத்துக்கு உலக வெப்பமயமாதல். ஒரே பிள்ளைக்கு ஐந்து பெயர் வைத்தால் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்காது.

ஜனங்களுக்குப் புத்தி இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் ஏல் பல்கலைக் கழகத்தாரும் இங்குள்ள சி-வோட்டர் நிறுவனத்தாரும் 2021-22இல் இந்தியா முழுவதும் ஜனங்களைக் கேட்டுப் பார்த்தார்கள். உலக வெப்பமயமாதலைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்னவர்கள் 54 சதவீதம். பிறகு, அது என்ன என்பதை எளிய வார்த்தைகளில் விளக்கிவிட்டு, அப்படி நடப்பதாக நினைக்கிறீர்களா என்று கேட்டபோது, ஆமாம் என்றவர்கள் 84 சதவீதம்! பார்த்தீர்களா? பொருள் ஜனங்கள் கையில் இருக்கிறது. பெயர்தான் போய்ச் சேரவில்லை. இரண்டு வாக்கியத்தில் முடிகிற வேலை. அந்த இரண்டு வாக்கியத்தை எழுதத்தான் நம்மவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

டீக்கடைப் பெரியவரையே மறுபடி கேட்டேன், வேறு விதமாக. மழை முன்போல் பெய்கிறதா என்று. அவர் ஒரு மணி நேரம் பேசினார். ஐப்பசி அடைமழை என்ற சொல்லே தன் பேரனுக்குத் தெரியாது என்றார். பெய்தால் ஒரே ராத்திரியில் கொட்டி வெங்காயத்தை அழுகச் செய்துவிட்டுப் போகிறது, இல்லாவிட்டால் நாற்பது நாள் எட்டிப் பார்ப்பதில்லை என்றார். கடல் சூடேறினால் ஆவி கூடும், ஆவி கூடினால் மழை பெய்கிறபோது மொத்தமாகக் கொட்டும் என்று விஞ்ஞானிகள் புத்தகம் புத்தகமாக எழுதியிருப்பதை அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தார். மிளகு ரசம் சிபாரிசு செய்த அதே மனிதர்!

வெயிலுக்குச் சதம் என்றால் மழைக்கு 'வரலாறு காணாத'. இந்த அடைமொழிக்கு ஒரு வருஷமாவது ஓய்வு கொடுக்கவேண்டும். வரலாறு எத்தனையோ கண்டிருக்கிறது. 1924ஆம் வருஷத்துக் காவேரி வெள்ளத்தைச் சொல்லாத தாத்தா ஸ்ரீரங்கத்தில் இருந்ததில்லை. 1977 நவம்பரில் புயல் மழையில் திருச்சி நகரமே மிதந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 'வரலாறு காணாத' என்று போட்டுப் பழகிய பிறகு, உண்மையிலேயே வரலாறு காணாதது வந்தபோது என்ன ஆயிற்று? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி ஜில்லாவுக்கு வருஷம் முழுவதும் கிடைக்கிற மழையை விட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பிரயாணிகள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். அதைச் சொல்லப் புதிதாக ஒரு வார்த்தை பத்திரிகைகளிடம் மிச்சமில்லை. இருந்த வார்த்தையை முந்தின வாரமே செலவழித்து விட்டார்கள்.

சரி, வார்த்தை போகட்டும். நாலாம் நாள் தொலைக்காட்சியில் என்ன விவாதம் நடந்தது? வானிலை மையம் முன்கூட்டியே சொன்னதா இல்லையா, மத்திய அரசு குற்றவாளியா மாநில அரசு குற்றவாளியா என்று நான்கு கட்சிப் பேச்சாளர்கள் நான்கு சதுரங்களில் உட்கார்ந்து கூச்சலிட்டார்கள். வங்கக் கடலும் இந்துமகா சமுத்திரமும் ஏன் சூடேறுகின்றன என்று சொல்ல ஐந்தாவது சதுரம் ஒன்று இல்லை. சென்னையில் முழங்கால் தண்ணீர் நின்றால் நாள் முழுவதும் நேரடி ஒளிபரப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி டெல்டாவின் தென்னையையெல்லாம் வேரோடு சாய்த்தபோது, காமிரா போய்ச் சேர்வதற்குள் பட்டுக்கோட்டைக்காரன் பாதித் தோப்பை வெட்டி விறகாக்கி விட்டான். தென்னை காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்பது காமிராவுக்குத் தெரியாத கணக்கு.

'இயற்கையின் சீற்றம்' என்றும் ஒன்று எழுதுகிறார்கள். யார் என்ன செய்து அதைச் சீற வைத்தார்கள் என்ற கேள்வி அந்தச் சொற்றொடருக்குள்ளேயே புதைக்கப்பட்டு விடுகிறது. காற்றில் கரியமில வாயுவை 1958 முதல் ஹவாய்த் தீவின் மலை ஒன்றில் அளந்து வருகிறார்கள். அப்போது பத்து லட்சத்தில் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 2024ஆம் வருஷத்தில் பூமியின் சராசரி வெப்பம், தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்தைய காலத்தை விட 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அளவெடுக்கத் தொடங்கியது முதல் இவ்வளவு சூடான வருஷம் இருந்ததில்லை. இந்த ஒரு விஷயத்துக்குத்தான் 'வரலாறு காணாத' பொருந்தும். இதற்கு அதைப் போடவில்லை!

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. சமீப காலமாக அதிகாரிகளும் கான்டிராக்டர்களும் இந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டு விட்டார்கள். ஏரியில் வீட்டு மனை போட்டு விற்றுவிட்டு, வெள்ளம் வந்தால் 'எல்லாம் பருவநிலை மாற்றம்' என்கிறார்கள். 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து அணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. ஆர்தர் காட்டன் 1836இல் கட்டியது, 182 வயது. அதே மாதம் ஸ்ரீரங்கத்தையும் கொள்ளிடத்தின் வடகரையையும் இணைத்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. வெள்ளம் பெரியதுதான். ஆனால் வெள்ளத்தைத் தாங்கும் மணலை ஆற்றின் வயிற்றிலிருந்து லாரி லாரியாக அள்ளியதைப் பற்றி ஊரில் பேசாதவர் கிடையாது. அந்தப் பேச்சைத் துருவிப் பார்ப்பதுதான் பத்திரிகையின் தொழில். 'இயற்கையின் சீற்றம்' என்று எழுதுகிற பேனா, மணல் லாரிக்காரனுக்கு வக்காலத்து எழுதிக்கொடுக்கிற பேனாவும் ஆகிவிடுகிறது.

சிவப்பு எச்சரிக்கை என்கிற 'ரெட் அலர்ட்'டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அரசாங்கத்து அதிகாரிகள் உடனே காரியத்தில் இறங்கவேண்டும் என்று வானிலைத் துறை காட்டும் நிறம். 2018 அக்டோபர் 7ஆம் தேதிக்கு அப்படி ஒரு நிறம் காட்டினார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அதைப் பிரளய அறிவிப்பாக்கிவிட்டன. ஜனங்கள் பாலும் மெழுகுவர்த்தியும் வாங்கிக் குவித்தார்கள். எதிர்பார்த்த மழை வரவில்லை. மறுநாள் முதல் எச்சரிக்கை கேலிப் பொருளாயிற்று. வானிலை மையத்தின் இயக்குநராக இருந்த ரமணன் அவர்கள் நிதானமாக, பொறுப்பாகப் பேசியவர். அவரைக்கூட நம் ஊடகங்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிற மாமாவாக மாற்றித்தானே வைத்திருந்தன?

பத்திரிகை ஆசிரியர்களில் எனக்கு நண்பர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் சமாதானம் எனக்குப் பாடம்: "வாசகன் விஞ்ஞானக் கட்டுரை படிக்கமாட்டான் சார். எங்களுக்கும் சர்க்குலேஷன் வேண்டாமா?" இதை என்னிடம் சொல்கிறபோது அவர்கள் எந்தச் சீமையில் உட்கார்ந்து சொல்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம், 1960-களின் நடுவில் ஒரு காரியம் செய்தது. ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் ஜப்பானிய ரகத்தையும் நம் நாட்டு ரகத்தையும் ஒட்டி, ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லைக் கண்டுபிடித்திருந்தார்கள். எண்ணால் அழைக்கப்படுகிற நெல்லை எந்த விவசாயி நம்புவான்? திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு மாலை தோறும் அந்த நெல்லைப் பற்றிப் பேசிற்று. விதை எவ்வளவு, நாற்று எத்தனை நாள், உரம் எப்போது, பூச்சி வந்தால் என்ன செய்வது என்று, மடை திருப்புகிறவன் பேசுகிற தமிழில் பேசிற்று. தஞ்சாவூர் ஜில்லா முழுவதும் அந்த நெல் பரவிற்று. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'! கடையில் போய், "ரேடியோ விதை இருக்கா?" என்று கேட்டார்களாம். உலகத்தில் வேறு எந்தப் பத்திரிகையாளனுக்காவது, வானொலிக்காரனுக்காவது இப்படி ஒரு பட்டம் கிடைத்ததுண்டா? ஒரு பயிருக்கே ஊடகத்தின் பெயரை வைத்த ஜனங்களைப் பார்த்து, 'இவர்களுக்கு விஞ்ஞானம் ஏறாது' என்று சொல்ல எப்படி ஐயா மனம் வருகிறது?

அந்த நெல்லோடு உரமும் மருந்தும் கூடவே வந்து, அவை என்ன செய்தன என்பது தனிக் கதை. அதைப் பிறிதொரு சமயம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மேல்நாட்டு நோய் வேறு மாதிரி. அமெரிக்காவின் நான்கு பெரிய பத்திரிகைகள் 1988 முதல் 2002 வரை எழுதியதை பாய்காஃப் சகோதரர்கள் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 2004இல் எழுதினார்கள். பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகளில், மனிதனே காரணம் என்பதற்கும் இயற்கையின் ஏற்ற இறக்கம் என்பதற்கும் சரிசமமாக இடம் கொடுத்திருந்தார்களாம். நடுநிலைமையாம்! நம் பத்திரிகைகள் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. இங்கே யாரும் மறுக்கவில்லை. தர்ப்பூசணிப் படம் போட்டு மறக்கடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் வெறும் வார்த்தைச் சண்டை என்று நினைக்கிறீர்களா? திருவெள்ளறைக் கோயிலுக்குப் பின்புறம் ஒரு பெருங்கிணறு இருக்கிறது. நாலு பக்கமும் படிகள் இறங்கித் திரும்பும் ஸ்வஸ்திக வடிவம். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பு, ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் என்பவன் வெட்டியது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். மூப்பு வந்து தளர்வதற்கு முன்னால், உண்டு மிஞ்சியதை உலகத்துக்காக வைத்துவிட்டுப் போ என்கிற கருத்தில் ஒரு செய்யுளையும் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். வழிப்போக்கனும் படிக்கும்படி, கிணற்றங்கரையிலேயே. அந்தக் காலத்துப் பத்திரிகை அது.

அங்கே ஒரு மத்தியான வேளையில், களையெடுத்துவிட்டு வந்த நாலைந்து பெண்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு என்றது. சாவுக்குக் காரணம் வெப்பம்தான் என்று டாக்டர் எழுதியிருக்கவேண்டும். இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வெயிலில் மயங்கி விழுந்து சாவதற்குப் பெயர் 'மாரடைப்பு' என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படித்தான் எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வருஷம் திருச்சியில் எத்தனை நாள் வெயில் சதம் அடித்தது என்பதை அவர்களில் ஒரு பெண் கேட்டிருந்தாள். பேரன் பத்திரிகையைப் படித்துச் சொன்னானாம்.

கூட்டத்தில் கொஞ்சம் வயதான ஒருத்தி எழுந்து வந்து என்னை நிறுத்தினாள்.

"எங்க வீட்டுக்காரரு கடலைக் காட்டுல விழுந்துதான் போனாரு. சித்திரை மாசம். ஏழு வருஷம் ஆவுது. அதுக்கும் உண்டுங்களா?"

"அரசாணை வந்தது 2024இல்தான் அம்மா" என்றேன்.

"அப்போ வெயில் இல்லீங்களா?" என்று கேட்டாள்.